எருமைக்கு மட்டும் எட்டிய இன்டர்நெட்

எங்கள் ஊரில் இன்டர்நெட் படுத்துவிட்டால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிடும்படி நானே பார்த்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று: சுவிட்சை அணைத்து, கண்ணை மூடி, பத்து வரை எண்ணி, மறுபடி போடுவது. கண்ணை மூடுவதற்கும் இன்டர்நெட்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு எண்ணினால் அதை யார் வேண்டுமானாலும் செய்யலாமே, அப்புறம் எனக்கு என்ன மரியாதை?

ஊர் என்றால், உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகிற டவுன் பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி உள்ளே நடக்க வேண்டிய ஊர். செல்போனில் பேச வேண்டுமென்றால் ஏரிக்கரைமேல் ஏறி மதகுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். பேசத்தான் முடியும். வேறு எதையாவது திறந்தால் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பிக்கும். நாம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தாலும் அது சுற்றிக்கொண்டே இருக்கும்.

அதனால்தான் ஒரு கேபிள்காரர் கம்பத்துக்குக் கம்பம் ஒயர் இழுத்துக்கொண்டு வந்தபோது முதல் ஆளாக நான் கையைத் தூக்கினேன். கம்பம் எங்கள் மாட்டுக் கொட்டகைப் பக்கம் இருந்தது. அவர் கொட்டகைச் சுவரில் ஓட்டை போட்டு ஒயரை ஹாலுக்குள் விட்டார். ஹால் மூலையில் மார்பு உயரத்துக்கு ஒரு பலகை அடித்து, அதன்மேல் ரவுட்டரை வைத்துவிட்டுப் போனார். கைக்கு அடக்கமான வெள்ளை டப்பா, இரண்டு கொம்பு. சுவருக்கு அந்தப் பக்கம் எங்கள் எருமை, அதற்கும் இரண்டு கொம்பு. இருவரில் யார் அதிகம் உழைக்கிறார்கள் என்று அப்போது யாரும் கணக்கெடுக்கவில்லை.

இந்தக் கதையில் நஷ்டப்பட இருந்தவள் என் அக்கா. பக்கத்துத் தெருவில் இருக்கிறாள். சொர்ணவாரி என்கிற கோடைப் பட்டத்துக்கு நெல் வைத்திருந்தாள். மாமா வாலாஜாபாத்தில் ரைஸ் மில் வேலைக்குப் போய்விடுவதால் பயிர் முழுக்க அவள் கைதான். அறுப்பு மிஷின் வந்து அறுத்து, நெல்லைக் களத்தில் கொட்டி ஒரு வெயில்கூடக் காயவில்லை, மேற்கே வானம் கறுத்துவிட்டது. அவள் வீடு ஓட்டு வீடு, நாலு இடத்தில் ஒழுகும். என் வீடு மாடி வீடு. தெருவில் நின்றபடியே கத்தினாள்.

"டேய், மழ வந்துக்கினு கீதுடா! நெல்ல உன் வூட்டு ஹால்ல எறக்கிக்கட்டுமா?"

"இன்னாக்கா இப்படிக் கேக்கறே, உன் வூடு மாதிரி நெனச்சிக்கோ" என்றேன். சமையலறையில் ஒரு பாத்திரம் கொஞ்சம் சத்தமாக வைக்கப்பட்டது. என் மனைவியின் கருத்து அது.

மூட்டை தூக்குவதற்கு ஒரு அண்ணன் வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். எங்கள் பக்கத்தில் எந்த வீட்டு நெல்லும் அவர் முதுகு படாமல் வண்டி ஏறாது. அவரும் கூட இரண்டு பேரும் கோணி கோணியாகக் கொண்டுவந்து இறக்க, நான் நடு ஹாலில் நின்று டிராபிக் போலீஸ் மாதிரி கை காட்டினேன். வேலை செய்கிறவர்களுக்கு நடுவே வேலை செய்யாதவன் நிற்க அது ஒன்றுதான் கௌரவமான வழி.

"செவுத்த ஒட்டி அடுக்குங்கண்ணே. சந்து வுடாதீங்க, எலி பூந்துடும். மேல வரைக்கும் ஏத்துங்க."

"அந்த மூலையில உன் டப்பா கீதே தம்பி?" என்றார் அவர்.

நான் மறக்கவில்லை. நெல் தூசி பட்டால் கெட்டுவிடுமே என்று, மனைவியின் கல்யாணப் பட்டுப்புடவை வந்த பிளாஸ்டிக் கவரை எடுத்து ரவுட்டருக்குத் தலை முதல் கால் வரை மாட்டி, வாயை ரப்பர் பேண்டால் கட்டினேன். "இப்ப அடுக்குங்க" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார், பிறகு அடுக்கினார். பலகை மறைந்தது, கொம்பு மறைந்தது, கூரை வரை மூட்டை ஏறியது. முப்பத்தெட்டு மூட்டை, ஒரு எறும்பு நுழைய இடமில்லை. நான் பெருமையாகத் தட்டிக்கூடப் பார்த்தேன். வேலை முடிந்து டீ குடிக்கும்போது, வந்தவர்கள் மனசு குளிரட்டும் என்று வைஃபை பாஸ்வேர்டை வேறு அவருக்குத் தாராளமாகச் சொன்னேன்.

மழை கொட்டித் தீர்த்தது. காலையில் அக்கா வந்து, ஒரு மூட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தாள்.

"ஈரமா கீது. ரெண்டு மூணு நாளுக்குள்ள கொள்முதல் நிலையத்துக்கு எடுத்துக்கினு போய்ட்டா, அங்க களத்துல காய வெச்சிக்கலாம். வூட்ல கெடந்தா சூடாயி மொளச்சிப் போய்டும். ஆனா இப்பல்லாம் இன்டர்நெட்ல பதிஞ்சி தேதி வாங்கினாத்தான் உள்ளயே வுடறாங்களாம். நான் சாலவாக்கம் போயி கம்ப்யூட்டர் கடையில பதிஞ்சிட்டு வந்துடறேன்."

அவளை நான் அப்போதே போகவிட்டிருக்கலாம். பஸ் வருகிற நேரம்கூட அதுதான்.

"வூட்ல இவ்ளோ பெரிய இன்டர்நெட்ட வெச்சிக்கினு நீ எதுக்குக்கா கடையில போயி கியூல நிக்கணும்? உக்காரு, அஞ்சு நிமிஷம்" என்றேன்.

அந்த ஐந்து நிமிஷம் மூன்றாம் நாள் மதியம் முடிந்தது.

போனில் வைஃபை பெயர் தெரிந்தது. அடையாளத்தில் ஒரே ஒரு கோடு, அதுவும் சாகப் போகிறவன் மூச்சு மாதிரி வந்து வந்து போயிற்று. பதிவுப் பக்கம் திறக்கவில்லை. சரி, வைத்தியத்தைத் தொடங்கு என்று எழுந்தேன். ரவுட்டர் சுவிட்ச் மூட்டைக்குப் பின்னால் இருந்தது. வீட்டு மெயினையே அணைத்தேன். கண்ணை மூடி எண்ண ஆரம்பித்தேன். நாலு வரும்போது சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"இன்னாங்க, கிரைண்டர் நின்னுடுச்சி. மாவு பாதியில கீது."

"அஞ்சு... ஆறு..."

"பத்து எண்ணி முடிச்சிட்டு இந்தப் பக்கம் வாங்க. மீதி மாவ நீங்களே கையால ஆட்டிடுங்க."

மெயினைப் போட்டேன். மாவு ஓடியது, இன்டர்நெட் ஓடவில்லை. அன்று மட்டும் ஏழு முறை எண்ணினேன். எட்டாவது முறை மனைவி மெயின் பெட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள்.

பிறகு போனைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு வீடு முழுக்க நடந்தேன். ஜன்னல் கட்டைமேல் ஏறினேன், பீரோ மேல் வைத்தேன். போன் உறையைக் கழற்றினேன், ஒருவேளை அதற்குப் புழுக்கமோ என்று. போனை அணைத்துப் போட்டேன். கடைசியில் நானே ஒரு தரம் படுத்து எழுந்தேன். அக்கா ஓரமாகக் கிடந்த ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து என்னைக் கண்ணாலேயே பின்தொடர்ந்தாள்.

"உனுக்கு இது தெரியும்தானே?" என்றாள் மெதுவாக.

"இதுல எனக்குத் தெரியாதது ஒண்ணு கீதாக்கா?"

"அதான் கேக்கறேன்."

இரண்டாம் நாள் மானத்தைக் கொஞ்சம் இறக்கி வைத்துவிட்டு இன்டர்நெட் கம்பெனிக்குப் போன் போட ஏரிக்கரைக்குப் போனேன். பாட்டெல்லாம் கேட்டு முடித்தபின் ஒரு பெண் வந்தாள். மிக இனிமையான குரல்.

"சார், ரவுட்டர்ல எந்த லைட் எரியுது, பச்சையா சிவப்பா?"

"நான் ஏரிக்கரையில இருக்கேம்மா. ரவுட்டர் வூட்ல இருக்குது."

"ரவுட்டர் பக்கத்துல நின்னு பேசுங்க சார்."

"அதும் பக்கத்துல நின்னா பேச முடியாதும்மா."

"ஏன் சார்?"

"சிக்னல் இல்ல. அதுக்குத்தானே ரவுட்டரே வாங்கினேன்."

"சரி சார், பார்த்துட்டு வந்து சொல்லுங்க, நான் லைன்ல இருக்கேன்" என்றாள் பாவம். நான் போனைக் கையில் பிடித்தபடியே கரையிறங்கி ஓடினேன். இறங்கின உடனே லைன் போய்விட்டது. வீட்டுக்கு ஓடி, மூட்டைமேல் ஏறி, கூரைக்கும் கடைசி மூட்டைக்கும் நடுவே தலையைக் கொடுத்து, டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு லைட்டும் தெரியவில்லை. ஒரு பல்லி தெரிந்தது. திரும்பக் கரைக்கு ஓடினேன். இந்த முறை வேறு பெண்.

"சார், ரவுட்டர்ல எந்த லைட் எரியுது?"

மறுபடி முதலிலிருந்து சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கடைசியில் ஒன்று கேட்டாள்:

"ரவுட்டரைச் சுத்தி ஏதாவது பொருள் மறைச்சிக்கிட்டு இருக்கா சார்? பீரோ, பிரிட்ஜ், மீன் தொட்டி, அந்த மாதிரி?"

"ஒண்ணுமே இல்லம்மா. செவுத்துல தனியா, சுத்தமா இருக்குது. தூசிகூடப் படாது."

நான் பொய் சொல்லவில்லை என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். மூட்டைகளை நான் அந்தக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. பொருள் என்றால் கடையில் வாங்கியது. பீரோ பொருள், பிரிட்ஜ் பொருள். நெல்லைப் போய் யாராவது பொருள் என்பார்களா? நெல் நெல்தான். அறுப்பு வந்தால் எங்கள் பக்கம் எல்லார் வீட்டு ஹாலிலும் அது இருக்கும், சுவர் இருக்கிற மாதிரி. மூட்டைமேல் படுத்துத் தூங்குவோம், மூட்டைமேல் இலை போட்டுச் சாப்பிடுவோம். அது எதையும் மறைக்கிறது என்று இதுவரை யாரும் புகார் சொன்னதில்லை.

"புகார் பதிஞ்சாச்சு சார். ஆள் வருவாங்க" என்றாள்.

சாயங்காலம் அக்கா மறுபடி மூட்டைக்குள் கையை விட்டாள். இந்தத் தடவை உடனே எடுத்துவிட்டாள். என் கையைப் பிடித்து உள்ளே விட்டாள். குளிர்காலத்தில் எருமை வயிற்றில் கை வைத்த மாதிரி கதகதப்பு.

"சூடேறிப் போச்சு" என்றாள். திட்டியிருந்தால் பரவாயில்லை. திட்டவில்லை. "நாளைக்குக் காலையில மொத பஸ்ஸுக்கு நான் சாலவாக்கம் போறேன். உன் இன்டர்நெட்ட நீயே வெச்சிக்க."

அன்று சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. நாலு மாசம் அவள் சேற்றில் நின்றது, களை பறித்தது, ராவெல்லாம் மடை திருப்பியது, எல்லாம் என் வாயினால் முளைத்துப் போகப் போகிறது. என் வாய் இதற்கு முன்னும் பல காரியங்களைக் கெடுத்திருக்கிறது. நெல்லைக் கெடுத்தது அதுதான் முதல் தடவை.

மூன்றாம் நாள் காலை அக்கா பஸ்ஸுக்குப் போய் நின்றாள். மழையில் ஊறி நின்ற ஒரு புளிய மரம் ராத்திரி ரோட்டுக்குக் குறுக்கே விழுந்து கிடந்ததால் முதல் பஸ் வரவில்லை. திரும்பி வந்து மூட்டைமேல் உட்கார்ந்தாள். என்னைப் பார்க்கவே இல்லை. நான் வீட்டுக்குள் இருக்க முடியாமல், எருமைக்குத் தண்ணீர் காட்டுகிற சாக்கில் கொட்டகைக்குப் போனேன்.

அங்கே மூட்டை தூக்குகிற அண்ணன், சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்து, போனில் ஏதோ காமெடி பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். எருமையும் அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இன்னாண்ணே பாக்கறீங்க?"

"வா தம்பி, இத்த பாரு. செம தமாஷு."

"இது... எப்படி வருது?"

"நீதானே பாஸ்வேர்டு குட்த்தே."

"அது இல்லண்ணே. வூட்டுக்குள்ளயே வரலியே! ரெண்டு நாளா நான் லோல் படறேன்!"

"இங்க நல்லாத்தான் வந்துக்கினு கீது. நேத்துகூட ஒரு முழுப் படம் பாத்தேன்." அவர் போனை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "உள்ள எப்படி வரும் தம்பி? முன்னால ஈர நெல்ல வெச்சி கூரை வரைக்கும் அடச்சிட்டே. பின்னால ஒத்தச் செங்கல் செவுரு. அது போற பக்கம் போவுது."

"அண்ணே, இத்த ஏன் மொதல்லயே சொல்லல?"

"டப்பா கீதேன்னு அன்னிக்கே சொன்னேனே. நீ அதுக்குச் சட்ட மாட்டினே. சரி, படிச்ச புள்ள, ஏதோ காரணம் இருக்கும்னு வுட்டுட்டேன்."

என் போனை எடுத்துப் பார்த்தேன். கோடுகள் முழுசாக, பளிச்சென்று நின்றன. இரண்டு நாளாக என் வீட்டில் முழு வேகத்தில் இன்டர்நெட் ஓடிக்கொண்டுதான் இருந்தது. எருமைக்கு.

"அக்கா!" என்று நான் போட்ட சத்தத்தில் எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு போகப் பார்த்தது.

அக்கா ஓடிவந்தாள். சாணியில் காலை வைத்துக்கொண்டே பதிவுப் பக்கத்தைத் திறந்தேன். அவள் பெயர், சர்வே நம்பர், ஆதார், எல்லாம் ஏறிற்று. கடைசியில் ஒரு பெட்டி வந்து நின்றது: உங்கள் செல்போனுக்கு வந்துள்ள ஓடிபி எண்ணைப் போடுக.

அக்காவின் போன் பட்டன் போன். அதற்கு வைஃபை தெரியாது. அது உயிரோடு இருப்பது ஏரிக்கரையில் மட்டும்.

"ஓடுக்கா!" என்றேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். கரைக்கும் கொட்டகைக்கும் கூப்பிடு தூரம்தான், ஆனால் நடுவில் தெரு திரும்புகிறது. எனவே தெருமுனையில் மனைவியை நிறுத்தினேன். இங்கே நான், அண்ணன், எருமை. ஓடிபியை அனுப்பச் சொல்லி அமுக்கினேன். கொஞ்ச நேரத்தில் கரைமேலிருந்து அக்கா குரல் வந்தது.

"வந்துட்டுதுடா!"

"நம்பரச் சொல்லு!"

நம்பர் வரவில்லை, இதுதான் வந்தது:

"டேய், இத்த யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு போட்டுகீதுடா!"

"எனக்குச் சொல்லலாம்!"

"உனுக்குச் சொல்லலாம்னு போடலியே! 'யாரிடமும்'னு போட்டுகீது!"

"அண்ணி, அத்த வுட்டுட்டு நம்பரப் படிங்க!" என்று மனைவி கத்தினாள்.

"ஏமாத்தறவங்க இப்படித்தான் கேப்பாங்கன்னு டிவில சொன்னாங்கடி!"

இதைச் சொல்லி முடிப்பதற்குள் ஓடிபிக்கு நேரம் முடிந்துவிட்டது. நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். அண்ணன் கொட்டகைக்கு வெளியே போய், மூட்டை ஏற்றும்போது லாரிக்காரனைக் கூப்பிடுகிற குரலில் ஒரே வார்த்தை சொன்னார்:

"எம்மா, நெல்லு மொளச்சிடும்!"

அந்த வாதம் வேலை செய்தது. மறுபடி அனுப்பினேன். இந்தத் தடவை ஒவ்வொரு எண்ணாக வந்தது. அக்கா கரையில் சொல்ல, மனைவி முனையில் சொல்ல, இரண்டு பேருக்கும் நடுவில் வீட்டு வாசலில் நின்றவர்கள் சும்மா இருக்க மனமில்லாமல் அவர்களும் திருப்பிச் சொல்ல, யாரிடமும் பகிரக் கூடாத அந்த ரகசிய எண் தெரு முழுக்கக் கோவிந்தா போட்டுக்கொண்டு என்னிடம் வந்து சேர்ந்தது. ஆறு எண்ணையும் போட்டேன். அந்த நேரம் பார்த்து எருமை நாக்கை நீட்டி, போனைக் கீழிருந்து மேலாக நிதானமாக நக்கியது.

துடைத்துப் பார்த்தேன். பதிவு முடிந்தது, நாளைக் காலை நெல்லைக் கொண்டுவரவும் என்று இருந்தது. கடைசிப் பட்டனை அமுக்கியது நானா எருமையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அக்கா எருமை என்றுதான் சொல்கிறாள்.

மறுநாள் காலை டிராக்டர் வந்தது. அண்ணனும் ஆட்களும் மூட்டைகளை எடுக்க எடுக்க ஹாலில் வெளிச்சம் வந்தது. மூலையில் கடைசி வரிசை நகர்ந்ததும் மனைவியின் போன் கிணுகிணுவென்று அடிக்க ஆரம்பித்தது. மூன்று நாள் செய்தி மொத்தமும் ஹாலுக்குள் வந்து விழுந்தது. என் போனிலும் ஒன்று வந்தது, கம்பெனியிலிருந்து: உங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்? கொடுத்தேன். ஐந்து. எருமைக்குப் போய்ச் சேரவேண்டியது.

ரவுட்டர் புடவைக் கவருக்குள் வியர்த்துப்போய், பச்சை லைட்டோடு உட்கார்ந்திருந்தது. தொட்டால் சுட்டது. அதை ஒட்டியிருந்த மூட்டையின் ஒரு பக்கம் பூராவும், கோணியின் கண்ணுக்குக் கண் வெள்ளை வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது.

அக்கா கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். ஒரு முளையைக் கிள்ளிப் பார்த்தாள். மற்ற மூட்டைகளில் கைவிட்டுப் பார்த்தாள். சூடு இருந்தது, முளை இல்லை. பெருமூச்சு விட்டாள். முப்பத்தேழு மூட்டை டிராக்டரில் ஏறியது. அன்று நல்ல வெயில். அங்கே களத்திலேயே காயவைத்து எடுத்துக்கொண்டார்கள் என்று சாயங்காலம் வந்து சொன்னாள். என் வீட்டில் காபி குடித்தாள். மூன்று நாளைக்கு அப்புறம் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். மீந்த ஒரு மூட்டையை எருமைக்குப் போட்டோம். பங்கு கேட்கிற உரிமை அதற்கு இருந்தது.

நான் அப்போதே முடிவு செய்துவிட்டேன்: இனி ரவுட்டர் பக்கம் ஒரு துரும்பு அண்டக் கூடாது. பலகைக்கு நாலு பக்கமும் சாக்பீஸால் கோடுகூடப் போட்டேன்.

பதினைந்து நாள் கழித்து, சம்பாவுக்கு நாற்று விடுகிற சமயம். அக்கா வாசலில் வந்து நின்றாள். இடுப்பில் தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு சின்ன மூட்டை, ஊறவைத்த விதை நெல்.

"டேய், ஊதக் காத்தா கீது. விதை சீக்கிரம் மொளக்க மாட்டேங்குது" என்றாள். "அந்த டப்பா பக்கத்துல ரெண்டு நாள் வெச்சி எடுத்துக்கட்டுமா? அன்னிக்கு எவ்ளோ அயகா மொளச்சிது!"

"அக்கா, அது இன்டர்நெட்டுக்கு வெச்சது!"

"இன்டர்நெட்டுக்கு அது இன்னா பண்ணிச்சி, பாத்தேனே. இந்த வேலையாவது ஒயுங்கா பண்ணுதே."

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் என் மனைவி சமையலறையிலிருந்து எழுந்து வந்தாள், கையில் அந்தப் புடவைக் கவர்.

"இத்த மாட்டிட்டு வெய்யிங்க அண்ணி. சூடு வெளிய போவாது."

இரண்டே நாளில் முளை கட்டிவிட்டது. அந்த இரண்டு நாளும் நான் கொட்டகையில்தான் உட்கார்ந்திருந்தேன். இந்தக் கதையில் பாதியை அங்கேதான் எழுதினேன். எருமை அவ்வப்போது தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தது.